ஏரிக்குள் முடியும் நெடுஞ்சாலை

"சகல பொதுமக்களுக்கும் இதனால் தெரியப்படுத்துவது: வடதிசையின் வாசலும், வணிகத்தின் நாடியும், நம் முன்னோர் சிந்திய வியர்வையின் அழியாச் சின்னமுமாகிய மாநில நெடுஞ்சாலை 347 இன்று தன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் புனிதக் கடமை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம். சாப்பாடு உண்டு."

எழுதியவர் ஹார்லன் பிரெக்கி. ஹெல்விக் ஊராட்சித் தலைவர், ஏரிக்கரை விடுதியின் சொந்தக்காரர், நெடுஞ்சாலை 347 பாதுகாப்புக் குழுவை நிறுவியவர், அதன் தலைவர், செயலாளர். அறிவிப்பின் கடைசி இரண்டு சொற்களுக்காக ஊரே வந்தது.

ஊராட்சியின் ஒரே ஊழியரான டெல்மர் ஸ்காரும் வந்தார். முதுகு ஒத்துழைக்காததால் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றார். கோடையில் மண் சாலைகளைச் சமன் செய்வதும் குளிர்காலத்தில் அவற்றின் மேல் விழும் பனியை லாரியில் தகடு மாட்டி வழிப்பதும் அவர் வேலை. வட மின்னசோட்டாவில் குளிர்காலம் என்பது வருஷத்தில் பாதி. மீதிப் பாதியில் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

ஹார்லன் எழுந்து சாலையின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். தீர்க்கதரிசிகள், முன்னோடிகள், கனடா எல்லைவரை நீண்ட கனவு என்றெல்லாம் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே எல்லாரும் ஹாட்டிஷ் என்ற, இறைச்சியும் காயும் சேர்த்துச் சுட்ட கலவையில் மேலாக இருக்கும் உருளைக்கிழங்கு உருண்டைகளை முதலில் தின்றார்கள். உண்மையான வரலாறு எல்லாருக்கும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் லின்ட்ஹோம் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் இருந்தார். ஹெல்விக் இருக்கும் ஆஸ்டா ஏரியின் வடகரையில் அவருக்கு ஒரு வேட்டைக் குடில். மண் ரோட்டில் குலுங்கிக்கொண்டு வந்தால் அவர் மனைவிக்கு வாந்தி வரும். ஆகவே மாநிலத்துக்கு ஒரு நெடுஞ்சாலை அவசியமாயிற்று. காகிதத்தில் அது கனடா வரை போனது. தரையில் குடில் வரை போனதும் தேர்தல் வந்தது, லின்ட்ஹோம் தோற்றார், பணம் நின்றது. இன்றும் 347 தெற்கே பெரிய நெடுஞ்சாலையில், மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்தில் பிறந்து, கல்லறைத் தோட்டத்தையும் சரளைக்கல் குழியையும் கடந்து, கிழக்குக் கரையை ஒட்டி வளைந்து வளைந்து ஏழு மைல் ஓடி, ஹெல்விக்கில் படகு இறக்கும் சரிவில் நேராக ஏரிக்குள் இறங்கி முடிகிறது. 'நெடுஞ்சாலை முடிவு' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் வெளியூர்க்காரர் ஒருவர் அந்தப் பலகையை நம்பாமல் கைப்பேசியை நம்பி முன்சக்கரத்தை நனைப்பார்.

நடுவில் ஓரிடத்தில், எந்தக் காரணமும் இல்லாமல், சாலை கரையை விட்டு விலகி ஒரு பெரிய அரைவட்டம் போடும். அங்கே நெல்ஸ் ஆஃப்டெடால் என்ற கல்யாணமாகாத விவசாயியின் உருளைக்கிழங்கு வயல் இருந்தது. அளக்க வந்தவர்கள் நிலம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. இந்த ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். இரண்டு கோடை யோசித்தார். அவர்கள் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது மாநிலத்துச் சாலைத் துறை, இந்த மாதிரிச் சின்னச் சாலைகளையெல்லாம் அந்தந்த ஊராட்சியின் தலையில் கட்டிவிடத் தீர்மானித்திருந்தது. போக்குவரத்து எவ்வளவு என்று முதலில் எண்ணுவார்கள். குறைவாக இருந்தால் சாலை ஊராட்சிக்கு. சாலை ஊராட்சிக்கு என்றால் பனி டெல்மருக்கு.

இருக்கிற மண் சாலைகளே அவரைப் படுக்கப் போட்டுக்கொண்டிருந்தன. முதுகில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. ஏரிக்கரைச் சாலையோ மற்றதைப் போல அல்ல. காற்று ஏரியின் முழு அகலத்தையும் ஓடிவந்து, பனியை வாரி அந்தச் சாலையின் மேல்தான் கொட்டும். வழித்துவிட்டுத் திரும்பினால் வழித்த தடம் இருக்காது. வேலையை விட்டுவிடலாம் என்றால், அவருக்கும் மனைவி லவானுக்கும் மருத்துவக் காப்பீடு அந்த வேலையோடு வருகிறது. அரசாங்கக் காப்பீடு அறுபத்தைந்தில்தான். டெல்மருக்கு அறுபத்திரண்டு.

"ஏழு மைல் இன்னும் சேந்துச்சுன்னா மூணு குளிர்காலம் தாங்குவியா?" என்று வீடு திரும்பும்போது லவான் கேட்டாள்.

"ஒண்ணு தாங்கலாம்."

"மீதி ரெண்டுக்கு?"

"காப்பீடு இருக்கில்ல."

லவான் சிரிக்கவில்லை. "ஹார்லன் ஏதோ காப்பாத்துறேன்னு நிக்கறான்ல?"

"அவன் நிக்கறது எனக்குத் தெரியும். எங்க நிக்கறான்னுதான் தெரியல."

தெரியாமல் என்ன. பிப்ரவரியில் ஹார்லன் எங்கே நிற்பார் என்று ஊருக்கே தெரியும். ஏரியின் மேல்.

ஆஸ்டா ஏரி கிறிஸ்துமஸுக்குள் உறைந்துவிடும். அப்புறம் பெட்ரோல் பங்க் பக்கத்துக் கரையிலிருந்து ஹெல்விக்குக்கு நேர்க்கோடாக இரண்டே மைல். ஹார்லன் தன் வண்டியால் பனிக்கட்டி மேல் பாதை வழித்து, ஊர் தூக்கியெறிந்த கிறிஸ்துமஸ் மரங்களை இரண்டு பக்கமும் நட்டு, மார்ச் வரை அதில் போகக் கட்டணம் வாங்குவார். பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்க ஏரி மேல் போட்ட குடிசைகளுக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், ஊரே அதில்தான் போகும். ஏழு மைல் வளைந்து வளைந்து போக யாருக்குத் தலையெழுத்து? குளிர்காலம் முழுக்க 347-இல் ஓடும் ஒரே வண்டி, அதன் பனியை வழிக்க வரும் மாநிலத்து லாரி. யாரும் போகாத சாலையை யாரும் போகாதபடிக்குச் சுத்தமாக வைத்துவிட்டுப் போகும்.

துறையின் நிதியாண்டு எப்படியோ, எண்ணும் வேலை பிப்ரவரியில்தான் வந்தது. இரண்டு பேர் வந்து, உருளைக்கிழங்கு வளைவின் கம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். எதிரே போகிற வண்டியின் நீளத்தையும் வேகத்தையும் அது தானே குறித்துக்கொள்ளும். எடுத்துப்போக ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொல்லி ஏரியின் மேல் திரும்பிப் போனார்கள்.

டெல்மர் ஊரில் எல்லாரிடமும் போய்க் கேட்டார். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், சாலையில் போங்கள்.

"அதெப்படி போகாம?" என்றாள் அஞ்சலகத்து ஆர்டிஸ். "நம்ம சாலைடா அது!"

"நாளைலேருந்தே" என்றார் பாதிரியார்.

"உனக்காக இதுகூட பண்ணமாட்டோமா டெல்?" என்றது மீன்பிடிக் குடிசைகள் மொத்தமும்.

மறுநாள் டெல்மர் பெட்டிக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு ஃபிளாஸ்க்கில் இருந்த காப்பியைக் குடித்தபடி காத்திருந்தார். ஒரு நரி போயிற்று. நீளம் போதாது. கீழே ஏரியில், கிறிஸ்துமஸ் மரங்களுக்கு நடுவே, ஆர்டிஸ், பாதிரியார், மீன்பிடிக்காரர்கள் என்று ஊர் முழுக்க வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் அன்போடு கையசைத்தார்கள். அவரும் அசைத்தார். வேறென்ன செய்வது?

ஹார்லனிடம் போனார். "ஹார்லன், ஒரு மாசம் ஐஸ் பாதைய மூடிடேன்."

ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டு மிகுந்த வேதனையோடு தலையசைத்தார். "டெல்மர், இந்தச் சாலைக்காக நான் என் ரத்தத்தக் குடுப்பேன்."

"ரத்தம் வேணாம். ரெண்டு சங்கிலி போட்டு மூடு."

"சீசன் பாஸ் வித்தாச்சே. ஜனங்களுக்குக் குடுத்த வாக்கு. நான் யோசிச்சுச் சொல்றேன்."

ஆகவே டெல்மர் தானே போவதென்று முடிவு செய்தார்.

முதலில் தன் பிக்கப் வண்டியில்தான் போனார். ஆனால் வேலை நேரத்தில் பிக்கப்பில் ஒரு மனிதன் ஒரே சாலையில் போவதும் வருவதுமாக இருந்தால் அதற்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அதே மனிதன் முன்னால் தகடும் பின்னால் மணல் பெட்டியும் மாட்டிய ஊராட்சி லாரியில் போய்வந்தால் அது வேலை. டீசலும் ஊராட்சியுடையது. எனவே மண் சாலைகளை வழித்து முடித்ததும் லாரியைத் திருப்பி ஏரிக்கரைக்குக் கொண்டுவருவார். தகட்டைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்பி, படகுச் சரிவு வரை வந்து, மறுபடி பெட்ரோல் பங்க் வரை. செக்குமாட்டுக்காவது எண்ணெய் தெரியும்.

குலுக்கல் இடுப்பில் ஏறி கழுத்து வரை போகும். ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கடக்கும்போது, அது தன்னை எண்ணிவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பார். பெட்டி எதுவும் சொல்லவில்லை. அதுவும் இந்த ஊர்ப் பெட்டிதான் போலிருக்கிறது.

ஒரு வாரத்தில் விஷயம் உணவகத்துக்கு வந்துவிட்டது. காப்பிக் கோப்பையோடு எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் டொய்வோ லாக்ஸொ, மரம் வெட்டி ஓய்ந்த ஃபின்லாந்து வம்சத்துக் கிழவர், டெல்மர் உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு டெல். ஏழெட்டுப் பேருக்கும் சேத்து உக்காரு. ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டு வந்திருப்ப."

சிரிப்பு.

"எதிர்ல வந்தவன் ஹெட்லைட்ட கொறச்சானா?"

"எதிர்ல யாரும் வரல டொய்வோ."

"அப்ப நீயே கொறச்சுக்க. சாலை மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"சிரிக்கற நேரத்துல ஒரு தடவ அந்தப் பக்கமா வீட்டுக்குப் போயேன்."

டொய்வோவின் முகம் மாறியது. நிஜமாகவே வருந்தினார். "போகலாம். ஆனா என் வண்டி ஹீட்டர் சூடாக ஏழு மைல் ஆகும். ஐஸ்ல ரெண்டு மைல்ல வீட்டுக்கே போயிடறேன். அதுக்கென்ன, நாளைக்குப் பாப்போம்."

லவான் அன்றிரவு முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்தாள். "பனி வழிக்க வேண்டி வந்துடும்னு பயந்து இப்ப பனி இல்லாமலே வழிச்சிட்டிருக்க."

"ஒரு மாசம்தான்."

"முட்டாள்தனத்துக்கு ஒரு மாசம் ஜாஸ்தி. எழுந்து நின்னு அந்த ஹார்லன்கிட்ட, முடியாது, என்னால இன்னொரு சாலை முடியாதுன்னு சொல்லிட்டா என்ன?"

டெல்மர் யோசித்துப் பார்த்தார். அந்த வார்த்தையை அவர் அப்பா சொல்லிக் கேட்டதில்லை. தேவாலயத்தில் கேட்டதில்லை. லவானிடம் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டபோதுகூட அவள் நேராகச் சொல்லாமல் "பண்ணிக்கலாமே" என்றுதான் சொன்னாள்.

"பாப்போம்" என்றார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மார்ச் மாதம் ஊராட்சியின் ஆண்டுக் கூட்டம் வந்தது. குளிர்காலத்தில் வேறு பொழுதுபோக்கு இல்லாததால் மண்டபம் நிரம்பியிருந்தது. காப்பி ஒரு பக்கம், வீட்டில் செய்த இனிப்புத் துண்டுகள் ஒரு பக்கம். சாலைத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தாள். மாய் ஷியோங் என்று பெயர். செயின்ட் பால் நகரத்தில் வளர்ந்தவள், சின்ன வயசு, பனிச் சப்பாத்துகளை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஊருக்கு உடனே பிடித்துப்போயிற்று.

ஹார்லன் அவளை வரவேற்று, வடதிசையின் வாசலைப் பற்றி ஒரு காப்பி ஆறும் நேரம் பேசினார். பிறகு அவள் எழுந்தாள்.

"நான் சுருக்கமா சொல்லிடறேன். 347-ஐ உங்க ஊராட்சிக்கு மாத்தற யோசனைய நாங்க கைவிட்டுட்டோம்."

மண்டபம் கைதட்டியது. சுவரில் சாய்ந்திருந்த டெல்மர் அப்படியே நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். பல மாதம் கழித்து முதுகு வலிக்காமல் உட்கார்ந்தது போல இருந்தது. லவான் அவர் முழங்காலைத் தட்டினாள்.

"மொத்த எண்ணிக்கை ஒண்ணும் பெருசில்ல" என்று மாய் தொடர்ந்தாள். "ஆனா எங்களுக்கு ஆச்சரியம் என்னன்னா, போன வண்டிகள்ல முக்காவாசி கனரக வண்டி. இந்த மாவட்டத்துல எந்தச் சாலையிலயும் இந்த விகிதம் கிடையாது. அதனால இத ஒரு கனரகச் சரக்குத் தடமா வகைப்படுத்தியிருக்கோம்."

கனரக வண்டி எது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அது மண்டபத்துக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தது. அதன் ஓட்டுநரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் தத்தம் காப்பியை மிக உன்னிப்பாகக் கவனித்தார்கள்.

முதலில் சுதாரித்தவர் ஹார்லன்தான். "வணிகத்தின் நாடி" என்று தழுதழுத்தார். "நான் அப்பவே சொல்லல?"

"என்ன சரக்கு அது?" என்று டொய்வோ மெதுவாகக் கேட்டார்.

"பலதும்" என்றார் ஹார்லன்.

மாய் தன் கணினியில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "கனரகத் தடம்னா விதிப்படி விடியறதுக்குள்ள பனி வழிச்சு முடிச்சிருக்கணும். எங்க டெப்போ ரொம்ப தூரம், எங்களால முடியாது. ஆனா எங்க டிரைவர் ஒரு விஷயம் சொன்னார். அவர் எப்ப வந்தாலும் உங்க ஊராட்சி லாரி ஏற்கனவே அந்தச் சாலையில இருக்காம். கேக்காமலே எங்களுக்கு உதவியிருக்கீங்க. ரொம்ப நெகிழ்ச்சியா இருந்துச்சு."

எண்ணுவது துறையில் ஒரு பிரிவு, பனி வழிப்பது இன்னொரு பிரிவு. இரண்டும் ஒரே லாரியைப் பார்த்து இரண்டு முடிவுக்கு வந்திருந்தன.

"சாலை மாநிலத்தோடதாவே இருக்கும்" என்றாள் மாய். "பலகை, எண், எல்லாம் எங்களோடது. வர்ற குளிர்காலத்திலேருந்து பனி வழிக்கறத மட்டும் உங்க ஊராட்சியே ஒப்பந்தத்துல எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்னு எங்க அபிப்பிராயம். செலவ நாங்க ஊராட்சிக்குக் குடுத்துடுவோம். ஓட்டுநரோட சம்மதம் இருந்தாதான். அவர் யாரு?"

இப்போது ஊர் திரும்பிப் பார்த்தது. டெல்மர் எழுந்து நின்றார். முதுகு மறுபடி தன்னை நினைவூட்டியது.

"இது பெரிய கௌரவம் டெல்மர்" என்றார் ஹார்லன்.

லவான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லு" என்றாள், உதடு அசையாமல். "சொல்லிடு டெல்."

டெல்மர் வாயைத் திறந்தார். அவருக்கு அந்த வார்த்தை தெரியும். நாக்கு நுனி வரை கொண்டுவந்தும் விட்டார். அந்தப் பெண் பெரிய கண்களோடு சிரித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவோ தூரம் ஓட்டி வந்திருக்கிறாள். இனிப்புத் துண்டில் ஒன்றுதான் எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஆர்டிஸ், பாதிரியார், டொய்வோ, எல்லாரும் அவரைப் பார்த்து அன்போடு தலையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல, அது வந்து" என்றார் டெல்மர். "என் முதுகு கொஞ்சம்..."

"ஓ! அப்படின்னா கஷ்டமா இருக்குமா?" என்றாள் மாய். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தாள். ஒரு சொல் போதும், அவள் எழுதிக்கொண்டு போய்விடுவாள்.

"ரொம்பல்லாம் இல்ல" என்றார் டெல்மர். "பாத்துக்கலாம்."

கைதட்டல் முதல் தடவையைவிட நீண்டது. லவான் சட்டையை விட்டுவிட்டு, தட்டுகளை அடுக்கப் போனாள். ஹார்லன் ஒரு தீர்மானம் முன்மொழிந்தார்: படகுச் சரிவுக்கு அருகே, நெடுஞ்சாலையைக் காத்த மக்களின் ஒற்றுமைக்கு ஒரு கல்வெட்டு. ஏகமனதாக நிறைவேறியது. மறுத்தவர் எவருமில்லை.

கோடையில் கல்வெட்டு வந்தது. அதில் குழுத் தலைவர், குழுச் செயலாளர், குழு நிறுவனர் என்று மூன்று இடத்தில் ஹார்லன் பெயர் இருந்தது. புதிய பலகையும் வந்தது: கனரகச் சரக்குத் தடம். அதை நம்பி மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து ஏரியைப் பார்த்துவிட்டு, அரை நாள் பின்பக்கமாகவே திரும்பிப் போயிற்று.

டிசம்பரில் ஏரி உறைந்தது. ஹார்லன் மரங்களை நட்டார். டெல்மர் தினமும் விடியலுக்கு முன் எழுந்து 347-இன் ஏழு மைலையும் வழித்தார். அதில் யாரும் போகவில்லை.